நெருப்பு வட்டத்தில் ஒரு வாசல்

"சீனப் புத்தாண்டுக்குத் தெருவெல்லாம் டிராகன் ஆடுமாமே, வீடியோ எடுத்து அனுப்பேன்!"

ஒவ்வொரு ஜனவரியிலும் ஊரிலிருந்து இந்த வேண்டுகோள் தவறாமல் வந்துவிடும். நாங்கள் குவாங்சோ நகரத்துக்குக் குடிவந்து பத்து வருடமாகிறது. பண்டிகை நாளில் எங்கள் தெருவிலிருந்து என்னால் அனுப்ப முடிந்ததெல்லாம் பூட்டிய கடைகளின் வீடியோதான்.

டிராகன் ஆட்டமெல்லாம் இல்லாமல் இல்லை. கோயில், பூங்கா, பெரிய வணிக வளாகம் என்று தேடிப் போனால் பார்க்கலாம். ஆனால் தெருவில் ஆள் இருக்காது. குவாங்சோவின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 1.86 கோடிக்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். புத்தாண்டு நெருங்க நெருங்க அவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவார்கள். காய்கறிக்காரர், முடிவெட்டுபவர், பார்சல் கொண்டுவரும் பையன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். கடைக் கதவில் ஒரு சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும்: 'முதல் மாதம் எட்டாம் நாள் திறக்கப்படும்.' பொங்கலுக்குச் சென்னை காலியாகுமே, அதைப் பல மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்துக்கே தனிப் பெயர் இருக்கிறது, ச்சுன்யுன். பண்டிகைக்கு முன்னும் பின்னுமாக 40 நாட்கள். 2025-இல் அந்த 40 நாட்களில் மக்கள் போய்வந்த பயணங்கள், சொந்தக் காரில் போனதையும் சேர்த்து, 900 கோடி என்று அரசு கணக்குச் சொன்னது. ஊருக்குப் போவதுதான் இங்கே பண்டிகை. மற்றதெல்லாம் அதற்கு அலங்காரம்.

அலங்காரமும் அழகுதான், சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து மக்கள் வருடத்தின் கடைசி மாதம் 28-ஆம் நாள் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவித் தள்ளுவார்கள். நம் போகியேதான். அதன்பிறகு பூச்சந்தை. மூன்று நாட்கள், புத்தாண்டுக்கு முந்தைய நள்ளிரவு வரை நடக்கும். குட்டி ஆரஞ்சுகள் கொத்துக் கொத்தாகக் காய்த்த தொட்டிச்செடியும், மொட்டு விட்ட பீச் மரக் கிளையும் வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. முதல் நாள் வீடு பெருக்கக் கூடாது, வந்த செல்வம் போய்விடும். தலைக்குக் குளிக்கக் கூடாது, அதிர்ஷ்டம் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கு வைத்த பிறகு விளக்குமாற்றைத் தொட விடாத என் பாட்டிக்கு இந்த ஊரில் நிறையத் தோழிகள் கிடைத்திருப்பார்கள். அன்றைக்குப் பல வீடுகளில் சைவச் சாப்பாடு என்பது எங்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

எனக்கு மிகவும் பிடித்தது சிவப்பு உறை. சிங்கப்பூர், மலேசியா வாசகர்கள் 'அங்பாவ்' என்பீர்கள். இங்கே அதற்கு 'லைசீ' என்று பெயர். கல்யாணமானவர்கள் கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வயது கணக்கே இல்லை! என் கணவரின் அலுவலகத்தில் நாற்பது வயது பிரம்மச்சாரி ஒருவர், சென்ற வருடம்தான் கல்யாணமான இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே கைநீட்டி வாங்கிக்கொள்வார். காவலாளி, துப்புரவு செய்பவர் எல்லோருக்கும் உண்டு. மற்ற மாநிலங்களில் பெரிய தொகை வைப்பார்கள். குவாங்டாங் மாநிலத்தில் ஐந்து, பத்து, இருபது யுவான்தான். பத்து யுவான் என்றால் நம் பணத்தில் நூற்றுச் சொச்சம். தொகையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. மொய் நோட்டு எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய நிம்மதி.

பிடிக்காததும் ஒன்று உண்டு. விடுமுறையை நீளமாகக் கொடுத்துவிட்டு, அதை ஈடுகட்ட முன்னும் பின்னும் ஒரு ஞாயிறு, ஒரு சனி வேலைக்கு வரச் சொல்வார்கள். 2025-இல் எட்டு நாள் லீவுக்கு ஜனவரி 26 ஞாயிறும் பிப்ரவரி 8 சனியும் போயின. ஞாயிற்றுக்கிழமை காலை மகளைப் பள்ளிக்கு எழுப்பிப் பாருங்கள், தெரியும்.

சரி, ஊருக்குப் போவதுதான் பண்டிகை என்றால், போக முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு நூடுல்ஸ் கடை. கணவன், மனைவி இருவரும் ஹுனான் மாநிலத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். மகன் அங்கே தாத்தா பாட்டியிடம் வளர்கிறான். வருடத்துக்கு ஒருமுறை அவனைப் பார்க்கிற நாள்தான் அவர்களுக்குப் புத்தாண்டு. 2021-இல் கொரோனாவால் 'இருக்கும் ஊரிலேயே பண்டிகை கொண்டாடுங்கள்' என்று நாடு முழுக்க அறிவிப்பு வந்தது. அந்த வருடம் அவர்கள் கடையை மூடவில்லை. புத்தாண்டு இரவு, அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் மூன்று கிண்ணம் வைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாவது கிண்ணம் பையனுக்கு. அவன் அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மா இந்தப் பக்கத்திலிருந்து அவன் கிண்ணத்தில் மீன் துண்டு எடுத்து வைத்தார். வளைகுடாவில் பெரியப்பா இருந்த காலத்தில், தீபாவளிக்கு அவருக்கும் ஒரு இலை போட்ட பெரியம்மா ஞாபகம் வந்தார்.

அந்த வருடம் மே மாதம் அப்பா தவறிவிட்டார்.

இங்கிருந்து கிளம்பலாம், யாரும் தடுக்கவில்லை. திரும்பி வருவதுதான் கேள்வி. 2020 மார்ச் 28-ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டவரின் பழைய விசாக்களில் உள்ளே வருவது நிறுத்தப்பட்டிருந்தது. புது விசாவும் சுலபமில்லை. இந்தியாவுக்கு நேரடி விமானமும் இல்லை. போனால் மகளையும் கணவரையும் எப்போது பார்ப்பேன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தென்காசியில் நடந்ததை எல்லாம் போனில் பார்த்தேன். தம்பி கொள்ளி வைத்தான். சிக்னல் நின்று நின்று வந்தது. முடிந்ததும் குளித்தேன். சமைத்தேன். மகளின் ஆன்லைன் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அழவில்லை என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

எதிர் வீட்டில் ஒரு வயதான அம்மா. வடகிழக்கில் ஹார்பின் நகரத்துக்காரர். மகன் குடும்பத்தோடு இருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள இவ்வளவு தூரம் தெற்கே வந்தவர். சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை 'ஆயி' என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம்தான். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவியையும் ஆயி என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பின் ஆயிக்குக் குவாங்சோ பாஷையான கண்டனீஸ் புரியாது. எனக்கும் புரியாது. அதனால் சந்தையில் இருவரும் சேர்ந்தே விழிப்போம். சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆகஸ்டில் ஒருநாள், ஒரு கட்டு மஞ்சள் தாளோடு வந்து நின்றார்.

"வர்ற பதினஞ்சாம் நாள் ராத்திரி நீயும் என்கூட வா. உங்க அப்பாவுக்கு நாம அனுப்பலாம்."

அது சீனர்களின் ஏழாம் மாதம். இறந்தவர்கள் இந்தப் பக்கம் வந்து போகிற மாதம். பௌர்ணமி நாளுக்கு ஜோங்யுவான் என்று பெயர். தெற்கே குவாங்டாங் மக்கள் அதற்கு ஒருநாள் முந்தி, பதினாலாம் நாளிலேயே செய்துவிடுவார்கள். ஏப்ரல் 4, 5 வாக்கில் வரும் சிங்மிங்தான் முன்னோர்களுக்கான பெரிய நாள். 2008-லிருந்து அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கி, முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்து, பிறகு எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிட்டு வருவார்கள். ஆனால் சிங்மிங்குக்குக் கல்லறை இருக்கும் ஊருக்குப் போயாக வேண்டும். ஏழாம் மாதத்தில் இருக்கிற இடத்தில் செய்துகொள்ளலாம், அவர்களே வருவார்கள் என்றார் ஆயி.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். சீன மாதம் அமாவாசை அன்று பிறக்கும். அந்த வருடம் ஏழாம் மாதம் பிறந்தது ஆகஸ்ட் 8. அன்றைக்கு நம் ஊரில் ஆடி அமாவாசை. அங்கே எல்லோரும் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற அதே நாளில், இங்கே கதவு திறக்கிறது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. இரண்டு பேருமே நிலாவைப் பார்த்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

"ஆயி, எங்க பக்கம் இதையெல்லாம் பையன்தான் செய்யணும். தம்பி அங்க செஞ்சிட்டான்" என்றேன்.

"எங்க பக்கமும் பையன்தான். என் தம்பிங்க ஹார்பின்ல செய்வாங்க. நான் இங்க செய்யறேன். ரெண்டு இடத்துலேர்ந்து பணம் போனா அப்பா வேண்டாம்னா சொல்லப் போறார்?"

ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணிக்கு மேல் கீழே இறங்கினோம். எங்கள் குடியிருப்பில் தாள் எரிப்பதற்கென்றே ஒரு மூலையில் இரும்புத் தொட்டி வைப்பார்கள், தீ விபத்து ஆகிவிடக் கூடாதென்று. ஆயிக்கு அதில் திருப்தியில்லை. "தொட்டிக்கு வாசல் ஏது?" என்றார். பின்பக்கச் சந்தில் மூன்று வழி சேரும் இடத்துக்குக் கூட்டிப் போனார். காவலாளி எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

ஆயி சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தை முழுதாக மூடவில்லை. வடக்குப் பக்கம் ஒரு சாண் இடைவெளி.

"இது எங்க வீட்டு வாசல். ஹார்பின் அந்தப் பக்கம். வெளியூர்ல இருக்கிறவங்க இப்படித்தான் செய்யணும். வாசலை ஊர்ப் பக்கமா விட்டாத்தான் அவங்களுக்கு வழி தெரியும்."

பக்கத்தில் எனக்கு இன்னொரு வட்டம். சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஆறு வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். என் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தோம். தென்மேற்கு. கட்டடங்களுக்கு நடுவே ஒரு மருந்துக் கடையின் பச்சை விளக்கு தெரிந்த பக்கம்.

தாள் கட்டின் மேல் பெயர் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். எனக்குச் சீன எழுத்தில் அப்பா பெயரை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "உங்க எழுத்துல எழுது. அவருக்குத்தானே படிக்கத் தெரியணும்?" என்றார் ஆயி. இனிஷியலோடு எழுதினேன். அப்பா இனிஷியல் இல்லாமல் எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

முதலில் இரண்டு தாளை வட்டத்துக்கு வெளியே எரித்தோம். அது யாருமில்லாத ஆவிகளுக்கு. அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் நம்முடையதைப் பறிக்க மாட்டார்கள். அப்புறம் வட்டத்துக்குள் ஒவ்வொன்றாக. ஆயி தன் அப்பாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். சண்டை போடுகிற மாதிரிதான் இருந்தது. பேரன் பரீட்சை எழுதியது, மருமகள் சமையல், கால் வலி எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைசியில் மது ஊற்ற வேண்டும் என்றார். அப்பாவுக்கு அந்தப் பழக்கமில்லை. மாடிக்கு ஓடிப்போய், ஊரிலிருந்து கடைசியாக வந்த பொடியில் பாக்கியிருந்ததைப் போட்டு டம்ளரில் காபி கொண்டுவந்தேன். ஆயி முகர்ந்து பார்த்து, "இவ்வளவு சர்க்கரையா!" என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. கடைசிப் பத்து வருடம் சர்க்கரையில்லாத காபிதான். இனிமேல் என்ன என்றுதான் இரண்டு கரண்டி போட்டிருந்தேன்.

அதை ஆயிக்குச் சீனத்தில் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் முடியவில்லை. சந்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மே மாதத்திலிருந்து வராத அழுகையெல்லாம் அங்கேதான் வந்தது. ஆயி ஒன்றும் சொல்லாமல் என் பங்குத் தாளையும் சேர்த்து எரித்து முடித்தார். நெருப்பு அடங்கியதும் காவலாளி தண்ணீர் ஊற்றினார்.

"எழுந்திரு. திரும்பிப் பார்க்காம நட."

அதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பௌர்ணமிக்கு மூன்கேக் பண்டிகை. வீட்டுக்கு நாலு பெட்டி மூன்கேக் வந்து, நாலும் அடுத்த வீட்டுக்குப் போய், அதில் ஒன்று எங்களுக்கே திரும்பி வந்தது. (இது வருடா வருடம் நடப்பது. நம் தீபாவளி சோன்பப்டி கதையேதான்.) அது முடிந்த கையோடு அங்கே மகாளய பட்சம் ஆரம்பித்துவிடும்.

2022 பிப்ரவரி 1. புத்தாண்டு. குடியிருப்பு நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் எல்லா வீட்டுக் கதவிலும் சிவப்புத் தாளில் 'ஃபூ' என்ற எழுத்தை ஒட்டும். நல்வாழ்வு என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டு வருவது அதே காவலாளிதான். எங்கள் மாடியில் எல்லாக் கதவும் சிவப்பாகியிருந்தது. எங்கள் கதவு மட்டும் வெறுமையாக இருந்தது. துக்கம் நடந்த வருடத்தில் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆயியின் ஊரிலும் துக்க வீட்டுக் கதவில் சிவப்பு ஒட்ட மாட்டார்களாம். காவலாளியிடம் அவர்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

துக்க வீட்டார் புத்தாண்டில் மற்றவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் அவர்கள் வழக்கம். நாங்கள் போகவில்லை. அன்று மத்தியானம் ஆயி ஒரு தட்டு டம்ப்ளிங் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். முட்டையும் பூண்டுத்தாளும் மட்டும் வைத்தது, இறைச்சி இல்லாமல். 'புத்தாண்டு வாழ்த்து' என்று அவர் சொல்லவில்லை. "சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க" என்றார்.

2023 ஜனவரி 8-ஆம் தேதி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான தனிமைப்படுத்தலை எடுத்துவிட்டார்கள். புத்தாண்டு ஜனவரி 22. அந்த ச்சுன்யுன் கூட்டத்தில் நாங்களும் மூன்று பெட்டிகளோடு நின்றோம். முன்னால் ஒருவர் தோளில் பையும் கையில் பொம்மைக் காரும் வைத்திருந்தார். ஆயி அதற்கு முந்தின வாரமே ஹார்பின் போய்விட்டிருந்தார். போகும்போது எங்கள் கதவில் தன் கையால் 'ஃபூ' ஒட்டிவிட்டு, "இந்த வருஷம் ஒட்டலாம், கணக்குப் பார்த்துட்டேன்" என்றார்.

தென்காசியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வட்டத்தையும் காபியையும் சேர்த்து. அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"ஏட்டி, அந்த ஆயிக்குப் போறப்ப நம்ம அரிசி முறுக்கு கொஞ்சம் கொண்டு போறியா? அவளுக்குப் பல்லு எப்படி, கடிப்பாளா?"